பாதித் தழும்பு

அந்தத் தோல் மருத்துவமனையில் நாற்காலிகளைவிடக் கண்ணாடிகள் அதிகம். உட்கார இடம் கிடைக்காதவர்கள்கூட நின்றபடியே தங்கள் மூஞ்சியைப் பார்த்துக் கவலைப்படலாம். வாசலுக்கு நேரே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவளின் கதைதான் இது. வலது சட்டைக் கை மணிக்கட்டு வரை இறங்கியிருக்கும். இடது சட்டைக் கை முழங்கைக்கு மேலே மடித்திருக்கும். ஏசிக் குளிரில் அந்த ஒரு கை மட்டும் புல்லரித்துக் கிடக்கும். ஆனாலும் மடிப்பை இறக்கக் கூடாது, டாக்டர் உத்தரவு. அங்கே கடை விரித்திருந்த சரக்கே அந்தக் கைதான்.

முன்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. மணிக்கட்டுப் பக்கத்துப் பாதி வெளுத்துப் படிந்திருந்தது. முழங்கைப் பக்கத்துப் பாதி சிவந்து தடித்து, மண்புழு படுத்த மாதிரி இருந்தது. நடுவே பேனாவால் ஒரு கோடு. திங்கட்கிழமைதோறும் நர்ஸ் அதைப் புதுப்பிப்பாள். பாதிக்கை அக்கா என்றால் அந்தத் தெருவில் டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும்.

பிறக்கும்போதே அவள் பாதிக்கையாகப் பிறந்துவிடவில்லை. பதினோரு வருஷம் ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் ஆவி இஸ்திரி இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவள். ஒருநாள் மேற்பார்வையாளர் பிடரியில் நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். மடங்கிக் கிடந்த விரிப்பின் ஓரத்தை இழுக்கக் கையை உள்ளே விட்டாள். மூடி இறங்கிவிட்டது. புண் ஆறி வேலைக்குத் திரும்பினால், விடுதிக்காரர் அவள் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தப்பா நினைக்காதம்மா. விருந்தாளிங்க பாத்தா ஒரு மாதிரி இருக்கும்."

சலவைக்கூடத்துக்குள் எந்த விருந்தாளி வந்தான்? விரிப்புகள்தான் வந்தன. அவற்றுக்குக் கண்ணா இருக்கிறது, ஒரு மாதிரி இருப்பதற்கு?

தழும்புக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கத்தான் அவள் இந்த மருத்துவமனைக்கு வந்தாள். மனைத் தரகர் மூலை மனையைப் பார்ப்பதுபோல டாக்டர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை மாசம் ஆச்சு?"

"அஞ்சு மாசம் சார்."

"அருமையான தழும்பு!"

அதுவரை யாரும் அவள் தழும்பைப் பாராட்டியதில்லை. 

"பாதிக்கு மட்டும் லேசர் வெக்கறேன், காசு எதுவும் தர வேணாம். வாசல்ல உனக்கு வேலையும் தர்றேன். ஒரு வருஷம் ஜனங்க ரெண்டு பாதியையும் பக்கத்துல பக்கத்துல பாக்கட்டும். அப்புறம் மீதியையும் முடிச்சிடறேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கை முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். பேருந்தில் இடது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் நகர்ந்து நிற்கக் கூடாது. ஒரு வருஷம் என்ன, ஓடிவிடும் என்று தலையாட்டினாள்.

வேலை லேசில்லை. வருபவர்களிடம் களிம்பு, சிலிக்கான் பட்டை, ஊசி, லேசர் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். கடைசியில், "எதைச் செஞ்சாலும் அடியோட போகாதுங்க, மங்கும், அவ்வளவுதான்" என்று சொந்தமாக ஒரு வரி சேர்ப்பாள். டாக்டருக்கு அந்த வரியைக் கண்டாலே ஆகாது. வந்தவர்களோ கேட்காமல் கொள்ளாமல், தக்காளியை அழுத்திப் பார்ப்பதுபோல அவள் கையை அழுத்திப் பார்ப்பார்கள்.

வீட்டில் புருஷன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

"உன் கையப் பாத்தா பாதி வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு. மேஸ்திரி எங்க, டீ குடிக்கப் போயிட்டானா?"

"வருவாருங்க. ஒரு வருஷம் சொல்லியிருக்காரு."

ஒரு வருஷம் முடிந்த மறுநாளே டாக்டர் எதிரில் போய் நின்று மீதிப் பாதியை நினைவூட்டினாள். அவர் கண்ணாடியில் தன் புருவத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"முழுசும் சரியாயிட்டா உன்னை எதுக்கும்மா அந்த நாற்காலியில உக்கார வெக்கணும்? அந்தப் பாதிதாம்மா உன் வேலை."

"நீங்க வாக்குக் கொடுத்தீங்க சார்."

"இப்பவும் கொடுக்கறேன். அடுத்த வருஷம் பாப்போம்."

மனுஷன் வாக்கையும் பாதிதான் கொடுப்பார்போல.

பின்கட்டில் நர்ஸ் அவளைப் பிடித்து நிறுத்தினாள். "அழாதக்கா. புதுத் தழும்பு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானாவே கொஞ்சம் மங்கும். சிலிக்கான் பட்டை ஒட்டிக்கோ. தினமும் மெதுவா தேய்ச்சு விடு. வெயில் படாம பாத்துக்கோ. அவசரப்படாத."

"அவ்வளவுதானா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிக்காதுக்கா. ஆனா முயற்சி பண்ணு. டாக்டர்கிட்ட மட்டும் மூச்சு விடாத."

அன்று முதல் கண்ணும் கருத்துமாகக் கையைக் கவனித்தாள். மருத்துவமனையை விட்டு இறங்கியதும் மடிப்பை இறக்கிவிடுவாள். பேருந்தில் உட்கார்ந்தபடி கட்டைவிரலால் தேய்ப்பாள். வீட்டில் பட்டையோடுதான் சமையல், பட்டையோடுதான் தூக்கம். மாதம் ஏற ஏறச் சிவப்பு இறங்கியது, தடிப்பு அடங்கியது. ஒன்பதாவது மாதம் பார்த்தால் இரண்டு பாதிக்கும் நடுவில் மிஞ்சியிருந்தது அந்தப் பேனாக் கோடு ஒன்றுதான்.

டாக்டர் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அவர் எங்கே கையைப் பார்த்தார்? வந்தவர் முகத்தில் ஆசை ஏறுகிறதா என்றல்லவா பார்த்தார்! வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கோடு என்று ஒன்று இருந்ததால் வித்தியாசமும் இருந்தே தீரும் என்று பார்த்தார்கள். "அடேயப்பா, மலைக்கும் மடுவுக்கும்!" என்று வாயைப் பிளந்தார்கள். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை நர்ஸ் லீவு. கோடு குளியலில் போய்விட்டது. அன்று பார்த்து ஒரு பெரிய வீட்டு அம்மா வந்தாள். அறுவைச் சிகிச்சை செய்த தழும்பு கழுத்தில். டாக்டர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்து பாதிக்கையின் கையைத் தூக்கிப் பிடித்தார். முழங்கைப் பக்கத்தைத் தடவிக் காட்டினார்.

"பாருங்க மேடம், எவ்வளவு வழவழன்னு! இது நம்ம லேசர். இந்தப் பக்கம் பாருங்க," என்று மணிக்கட்டுப் பக்கம் வந்தார், "இது சும்மா விட்டது. எவ்வளவு கோரம்!"

அந்த அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது டாக்டர்."

"நல்லாப் பாருங்க மேடம். பழகின கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியும்."

பாதிக்கைக்குக் கோபம் அடக்கமாட்டாமல் வந்தது. வேலை போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்பது மாதம் தான் பாடுபட்ட பக்கத்தை இன்னொருவர் தன் கைராசி என்று தடவுவதை எவள் பொறுப்பாள்?

"சார், அது நீங்க தொடாத பக்கம். கோரம்னு சொன்னீங்களே, அதுதான் நீங்க செஞ்சது."

காத்திருந்த அறையே கொல்லென்று சிரித்தது. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"நீ என்னம்மா போட்ட அதுக்கு?"

அவளும் ஒளிக்காமல் சொன்னாள். பட்டை, தேய்ப்பு, வெயில், பொறுமை. "அடியோட போகலைங்க, மங்கியிருக்கு. உங்களுது எப்படின்னு எனக்குத் தெரியாது. வேற நல்ல டாக்டரா பாத்துக் கேளுங்க."

"உள்ள வா" என்றார் டாக்டர். அவள் உள்ளே போகவில்லை. அவர் சொல்லப் போவது அவளுக்குத் தெரியும். மேஜை மேலிருந்த தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அன்று மடிப்பை இறக்கவில்லை.

பேருந்தில் கூட்டம். இடது கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற பெண் பார்த்தாள்.

"என்னக்கா கையில?"

இரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் களிம்பில் தொடங்கி லேசரில் முடிகிற நீளமான பதில் இருந்தது.

"தழும்பு" என்றாள்.

அந்தப் பெண் "ஓ" என்றுவிட்டு, அதே கம்பியில் அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.