அவனுக்குப் பரோல் கொடுக்கலாமா?

அறுபதுகளில் நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். வேலைநிறுத்தத்தின்போது நான் மட்டும் வேலைக்குப் போனேன் என்று, உடன் வேலை செய்த பழனிச்சாமி கத்தரிக்கோலால் என் வலது கையில் குத்திவிட்டான். இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. அவன் கோவைச் சிறைக்குப் போனான்.

மறுவருடம் அவனுடைய தாய் சாகக் கிடந்தார். அவனுக்குப் பரோல் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். வேண்டாம் என்றுதான் சொல்ல இருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம்.

அதிகாரி உட்காரக்கூட இல்லை. "நீ வேண்டாம்னுதான் சொல்லுவே, தெரியும். கம்பெனி ஆளுங்க எல்லாம் ஒரே மாதிரிதானே? குடிப்பீங்க, வெட்டிக்குவீங்க. அவன் வந்தா நீயும் சும்மா இருக்க மாட்டே" என்றார்.

நான் குடித்ததில்லை. யாரையும் கை நீட்டி அடித்ததும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே என்னைப் பற்றி முடிவு செய்துவிட்டார். அவனைப் பற்றி மட்டும் யாரிடம் கேட்டிருப்பார்?

"அவன் வரட்டுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றேன். அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பழனிச்சாமி போலீஸ் காவலுடன் வந்து, தாயின் வாயில் பால் ஊற்றினான். பயத்தோடுதான் நானும் போயிருந்தேன். கூட்டத்தில் நின்ற என்னிடம் வந்து, "கை இன்னும் வலிக்குதுங்களா?" என்று கேட்டான்.

"வலிக்குதுங்க" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்று அவனை வரவிட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.