நான்கு மூலையிலும் மஞ்சள்

எழுபதுகளின் கடைசியில் சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு வாங்கினேன். விற்றவர் லகாட் என்ற ஊரில் இருந்த ஓர் அக்கா, ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. வழக்கறிஞர் முன்னிலையில் பெயர் மாற்றும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சைக்கிள் வாங்கினாலும் மஞ்சள் வைக்காமல் தொடமாட்டோம். மனைவி வேண்டாமென்று தடுத்தும், பாரத்தின் நான்கு மூலையிலும் ஈர மஞ்சளைத் தடவினேன்.

மறுநாள் நில அலுவலகத்தில் மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்றேன். முகப்பில் மனுக்களை வாங்கும் கிராணி பாரத்தை அப்படியே திருப்பித் தள்ளினார்.

“கறை பட்டா பதிய முடியாதுலா அண்ணே. புதுசா கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

எரிச்சல் தலைக்கேறியது. மனைவியையும் இழுத்துக்கொண்டு லகாட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்ததும், “மஞ்சக் கறைன்னு பாரத்தத் திருப்பிட்டாங்க. எல்லாம் இவ பண்ண வேலக்கா” என்றேன்.

முழங்கால் வலியோடு நின்ற அக்கா என் மனைவியின் கையைப் பிடித்தார். “பரவால்லம்மா, நல்லதுக்குத்தானே வச்ச. நாளைக்கே பஸ் ஏறி வந்து புதுசா கையெழுத்துப் போடுறேன்.”

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. “தெரியாம வச்சிட்டேன்க்கா” என்றாள்.

சில மாதங்களில் வீடு என் பெயருக்கு மாறியது. மஞ்சள் தடவிய பழி மட்டும் இன்னும் அவள் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ள அந்த அக்கா வீட்டுப் படியை நான் மறுபடி மிதிக்கவே இல்லை.