லூயிசா தொடாத வானம்

கச்சேரி ரோட்டில் பொன்ராஜின் ஸ்டூடியோவுக்குள் யார் எந்த நிறத்தில் நுழைந்தாலும், படத்தில் எல்லோரும் ஒரே நிறம்தான். அந்த அற்புதத்தைச் செய்தவள் சாந்தோம் லூயிசா. பத்தொன்பது வருஷமாக ஜன்னலோர மேசையில் நெகட்டிவ் கண்ணாடியை நிறுத்தி, அம்மைத் தழும்பு விழுந்த இடத்தைப் பென்சிலால் நிரப்புவாள்; வேண்டாத கறுப்புப் புள்ளியைக் கத்தி முனையால் சுரண்டுவாள். அதற்கு ‘டச்சிங்’ என்று பேர். மயிலாப்பூரில் பாதிக் கல்யாணம் அந்தக் கத்தி முனையில் நிச்சயமானது. மணமேடையில் நேரில் பார்த்துத் திடுக்கிட்டவர்கள்கூடச் சண்டைக்கு வந்ததில்லை. அவர்கள் படத்தையும் அவள்தானே செய்திருந்தாள்!

கேமராவை மட்டும் அவள் தொடக்கூடாது.

1948 நவம்பரில் ஒரு நாள், விடிவதற்குள் முதல் பூசைக்குப் போகும்போது, கடலுக்கு மேலே வால் நட்சத்திரம் நின்றது. அன்று அவள் எந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

“மொதலாளி, ஒரு கேமரா குடுங்க. அந்த வால் நட்சத்திரத்த படம் புடிக்கணும்.”

“டச்சிங்கோட நில்லுங்கம்மா. கேமராவுக்குப் பின்னால நிக்க ஆம்பள வேணும்,” என்றார் பொன்ராஜ்.

“நீங்க பின்னால நின்னு கெடுத்ததத்தான பத்தொம்பது வருசமா நா சரி பண்றேன்?”

பொன்ராஜுக்குக் காது சிவந்தது. “சரி, மூலையில கெடக்க பழைய பெட்டியக் கொண்டு போங்க. படம் விழுந்தா உங்க பேரோட ஷோகேஸ்ல வைக்கேன். விழலைன்னா இனி கேமராப் பேச்சே கூடாது.”

மறுநாள் முருகையனின் ரிக்‌ஷாவில் கேமராவும் முக்காலியும் கடற்கரைக்குப் போயின.

“வால் நட்சத்திரம் வந்தா ராஜாவுக்கு ஆவாதாமே, மெய்யாம்மா?”

“வெள்ளக்கார ராஜாதான் போன வருசமே மூட்டைய கட்டிக்கினு பூட்டானே. நீ முக்காலிய புடி.”

கேமராவின் பின்கண்ணாடியில் நட்சத்திரம் தெரியவில்லை. தூரத்துக் கப்பல் விளக்கு ஊசிமுனையாகும் வரை லென்ஸை நகர்த்தி, லென்ஸ் நின்ற இடத்தில் பெட்டியின் மேல் பென்சில் கோடு போட்டுக்கொண்டாள். இருட்டாயிற்றே என்று அரைமணி நேரம் திறந்து வைத்தாள். பூமி அவளுக்காக நிற்குமா? கழுவிப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் மழைக்கம்பியாக இழுபட்டிருந்தது. மறுநாள் லென்ஸின் பனியைத் துடைத்துவிட்டு அரை நிமிஷத்தோடு மூடினாள். வால் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தது.

நெகட்டிவ் காய்ந்ததும் மேசையில் நிறுத்தினாள். வழக்கம்போல் கை கத்தியை எடுத்தது. கறுப்புப் புள்ளிகள் எக்கச்சக்கம், ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். கால்மணி நேரத்தில் மாசு மருவில்லாத வானம். அப்புறம்தான் உறைத்தது: நெகட்டிவில் நட்சத்திரம் கறுப்பாகத்தானே இருக்கும்! வாலை மட்டும் விட்டுவிட்டு மொத்த ஆகாயத்துக்கும் சவரம் செய்திருந்தாள்.

பொன்ராஜ் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்தார். கத்தித் தடங்கள் பளபளத்தன. “பக்கத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்லாம வால் மட்டும் நிக்குது! வாலையும் பென்சில்லயே போட்டுட்டியளாக்கும்? கருவாச்சிய ரதியாக்குற கை, இது பெருசா?”

வாசலில் நின்ற முருகையனும் சிரித்துவிட்டான். லூயிசாவுக்கு அதுதான் சுட்டது.

அப்புறம் ஒன்பது நாள் அடைமழை. பத்தாம் நாள் மேகம் விலகியபோது வால் வெளிறிப்போய், கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. கப்பல் இல்லை, லென்ஸை நிறுத்தப் பென்சில் கோடு இருந்தது. மிச்சமிருந்த கடைசிக் கண்ணாடி பிளேட்டை அரை நிமிஷம் திறந்து மூடி, பெட்டியோடு பொன்ராஜ் முன்னால் வைத்தாள்.

“நீங்களே கழுவுங்க மொதலாளி. நா கைய பின்னால கட்டிக்கினு நிக்கிறேன்.”

இருட்டறையில், சிவப்பு விளக்கடியில் மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்த பொன்ராஜின் கை நின்றது. முதலில் புள்ளிகள். பிறகு, மெல்லிய புகை மாதிரி, வால்.

“எம்மா!” என்றார். கண்ணாடியைத் தூக்கி விளக்கில் பார்த்தார். அப்புறம் பழைய பேச்சு வந்தது. “குறுக்க ஒரு கீறல் இருக்கு, தூசியும் விழுந்திருக்கு. லேசா ஒரு டச்சிங் போட்டுட்டா ஷோகேஸ்ல வச்சிரலாம்.”

“மாட்டேன்.”

“கடைக்குன்னு ஒரு பேர் இருக்குல்லாம்மா?”

“எனக்குந்தான் பேர் கீது. அத்த கீழ எழுதுங்க. கீறலோட வெச்சா வைங்க. இல்லாங்காட்டி ஷோகேஸ்ல கீற உங்க படத்துல நா மூடின அம்மத் தழும்ப நாளைக்கே தொறந்து வுட்டுருவேன்.”

மறுநாள் ஷோகேஸில் படம் ஏறியது, கீறலோடு, தூசியோடு, லூயிசா என்ற பெயரோடு. பக்கத்திலேயே தழும்பில்லாத பொன்ராஜ். வருகிறவர்கள் இதில் எது நட்சத்திரம், எது தூசி என்று கேட்டார்கள்.

“விடியறதுக்கு முன்ன பீச்சுக்குப் போய் எண்ணிப் பாருங்க,” என்பாள் லூயிசா, மேசையிலிருந்து தலை தூக்காமல்.