ஆகஸ்டு ஐந்துக்கு ஒரு கார்டு

டீச்சர் ஏழு எழுதினால் நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போடுவார். ஒன்றையும் ஏழையும் நான் மாற்றிப் படித்துவிடக் கூடாதாம். கட்டம் போட்ட பச்சைத் தாள், கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாம் பென்சில். ஓர் எழுத்து கோணிவிட்டால் அழித்து, ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, மறுபடி எழுதுவார். அந்தத் தாளைப் பார்த்து, வரிக்கு ஒரு கார்டாகத் துளை போடுவது என் வேலை. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் துளை போட்ட அட்டைதான் தெரியும். அட்டைகளை அடுக்கிக் கட்டாகக் கொடுத்தால் படிக்கும், ஓர் அட்டை இடம் மாறினால் முரண்டு பிடிக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு பெண்ணின் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருக்க ஓர் இருபத்து நான்கு வயதுக்காரனை உட்கார வைத்தால் அவன் என்ன ஆவான்? ஆனேன். இப்போது எழுபதைத் தாண்டியாயிற்று, இனி என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்துவிட்டது என்றாலும் எங்கள் கப்பல் ஏஜென்சிக்குப் பிழைப்பு பழைய துறைமுகத்தில்தான். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு மூட்டையைத் தோணியில் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். ஊரில் நாலைந்து கம்பெனிகள் சேர்ந்து, பம்பாயில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியிடம் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து எங்கள் அலுவலகத்தில் வைத்திருந்தன. பெரிய கம்பெனி என்றால் அப்படிப் பெரிய கம்பெனி, அவர்கள் ஆள் ஒருவர் படியேறி வந்தாலே எங்கள் மேனேஜர் எழுந்து நின்றுவிடுவார். டீச்சர் நாசரேத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு மதராஸில் கம்ப்யூட்டர் படித்து வந்தவர். என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். தோணிக்காரர்கள் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து, மேனேஜர் வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

அவர் எழுதிய புரோகிராம் இதுதான். கப்பல் எந்தத் தேதி வருகிறது, எத்தனை டன் ஏற வேண்டும், எத்தனை தோணி கிடைக்கும் என்று சொன்னால் போதும். எந்த நாள் எத்தனை தோணி போக வேண்டும், கப்பல் என்றைக்குக் கிளம்பும் என்று நாள்வாரியாக அச்சடித்துத் தந்துவிடும். எட்டு மாதம் எழுதினார். ஏசி அறையின் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மூக்கை லேஞ்சியால் துடைத்துத் துடைத்து அது சிவந்தே கிடக்கும். முதல்முறை சரியாக ஓடிய அன்று, அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்குல்லா?" என்று என்னைத்தான் கேட்டார். அந்த அறையில் வேறு யாரும் இல்லை என்பதால்தான் கேட்டார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் அன்று திரேஸ்புரத்தில் என் வீடு வரை மிதந்துகொண்டுதான் போனேன்.

வந்தது வினை ஆகஸ்டு ஐந்தாம் தேதியில். அது எங்கள் மாதா திருநாள். அன்றைக்கு இந்த ஊரில் ஒரு தோணிகூடக் கடலில் இறங்காது. ஆனால் மேனேஜர் மதராஸ்காரர், அரசாங்க விடுமுறைப் பட்டியலைப் பார்த்து, எந்தெந்த நாள் லீவு என்று மெஷினுக்குச் சொல்லும் லீவுக் கார்டுகளைக் கொடுப்பவர். பட்டியலில் ஆகஸ்டு ஐந்து இல்லை. மெஷின் அந்த நாளுக்கும் பன்னிரண்டு தோணி என்று அச்சடித்தது. தோணிக்காரன் ஒருவன்கூட வரவில்லை. அந்த வருஷம் டீச்சரைத் திருநாள் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்திருந்தேன். அம்மா காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரோ அலுவலகத்தில் உட்கார்ந்து, குலைந்துபோன திட்டத்தைக் கையாலேயே திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். ஆக்கிய கறியைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தோம்.

மறு வருஷம் ஜூலையிலேயே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "கெஜட்டில் இல்லாத லீவை மெஷினுக்குச் சொல்ல முடியாதுப்பா" என்றுவிட்டார். டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். மேனேஜர் எழுதித் தராமல் அவர் ஒரு புள்ளி சேர்க்க மாட்டார், அது தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுத்த நாளுக்குத் தாண்டு என்று அவர் எழுதிய வரிக்கு நானே எத்தனையோ முறை துளை போட்டிருக்கிறேன். அதே மாதிரி, மாதம் எட்டு, தேதி ஐந்து என்றால் தாண்டு என்று ஒரு கார்டு அடித்து, ஞாயிற்றுக்கிழமைக் கார்டுக்குப் பின்னால் செருகிவிட்டேன். புரோகிராம் கட்டில் கைவைத்தால் வேலை போகும் என்று தெரிந்தே செய்தேன். மாதா மேல் பக்தி எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கார்டு பக்தியில் போட்டதல்ல. டீச்சர் என் வீட்டுக்கு வர வேண்டும், என் அம்மா கையால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வந்தார். அச்சடித்த தாளில் நான்காம் தேதிக்கு அடுத்து ஆறாம் தேதி இருந்ததைப் பார்த்து, மேனேஜர்தான் மனம் மாறி லீவுக் கார்டு கொடுத்திருக்கிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். டீச்சர்தான் சேர்த்திருக்கிறார் என்று மேனேஜர் நினைத்து, போன வருஷம் பட்ட பாட்டில் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் ஊதா நிறச் சேலை கட்டியிருந்தார். வாசலிலேயே அம்மாவிடம், "நான் கும்பிட மாட்டேன், பாத்துக்கிடுங்க. நாங்க புராட்டஸ்டண்ட். சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். "மாதா ஒண்ணும் நினைக்க மாட்டா, நீங்க உக்காருங்க டீச்சரம்மா" என்றாள் அம்மா. இரண்டாவது இடியாப்பத்துக்குள் டீச்சரம்மா என்ற மரியாதை போய், "ஏளா, என்ன இப்படிக் கோழி கொத்துத மாதிரி திங்கிய? குழம்ப ஊத்திப் பிசையி" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உயிர் போயிற்று. டீச்சர் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அலுவலகத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சாயங்காலம் சப்பரம் வரும்போது கூட்டம் நெரித்ததில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். சப்பரம் போய், கூட்டம் கலைந்து, கடலை வறுக்கிறவன் பக்கத்தில் வந்து நின்றபோதும் பிடித்தபடியே இருந்தார். நான் கையை அசைக்கவே இல்லை. என் ஆயுசில் ஒரு நாளைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது வந்தால் யோசிக்காமல் அதைத்தான் கேட்பேன்.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பெரிய கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் பம்பாயிலிருந்து வந்தார். துறைமுகங்களுக்கென்றே தங்கள் கம்பெனி புதிதாக ஒரு புரோகிராம் தயாரித்திருப்பதாகச் சொல்லி, அது அச்சடித்த தாளை மேசையில் விரித்தார். தலைப்பு, கோடு, நாள் வரிசை எல்லாம் எங்களுடையது போலவே இருந்தது. "இது எங்ககிட்ட ஒன்றரை வருஷமா ஓடுதே" என்று மேனேஜர் வெள்ளையாகச் சொன்னார். வந்தவர் முகம் சுருங்கியது. பத்து நாளில் கடிதம் வந்தது. தங்கள் புரோகிராமை எங்கள் அலுவலகம் திருட்டுத்தனமாக நகல் எடுத்து ஓட்டுகிறது, அதைச் செய்தவர் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று. விசாரிக்க இரண்டு பேர் வருவார்கள், திருட்டு உண்மை என்றால் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டீச்சருக்கு வேலை மட்டுமா போகும்? நாசரேத்தில் அவர் அப்பா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? டீச்சர் அழவில்லை. பச்சைத் தாள்களை எல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார், அடுக்கினதையே திரும்பத் திரும்ப அடுக்கினார்.

விசாரணை அன்று கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். டீச்சர் தன் தாள்களைக் கொடுத்தார். "பார்த்து எழுதியதாகவும் இருக்கலாமே" என்றார் வந்த அதிகாரி. எங்கள் கார்டுக் கட்டையும் அவர்களுடையதையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். அத்தனை வரியும் ஒன்று. பிறகு பச்சைத் தாளோடு ஒத்துப் பார்த்தார்கள். அதிகாரியின் விரல் ஓர் இடத்தில் நின்றது. இரண்டு கட்டிலும் இருக்கிற ஒரு வரி டீச்சரின் தாளில் இல்லை. "இது உங்கள் சொந்தப் புரோகிராம் என்றால் இந்த வரி எங்கிருந்து வந்தது? எங்களுடையதைப் பார்த்து எழுதும்போது ஒரு வரியை விட்டுவிட்டீர்கள்" என்றார். டீச்சர் குனிந்து படித்தார். வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இது என்னன்னு எனக்குத் தெரியல" என்றார்.

நான் செருகிய கார்டு அவர் கழுத்தில் கத்தியாக நிற்கிறது. அந்த நிமிஷம் எனக்கு வேலையாவது, ஒன்றாவது. "அது நான் போட்டது சார்" என்றேன். "என்னய்யா உளர்றே?" என்று மேனேஜர் பாய்ந்தார். "உளறல சார். ஆகஸ்டு அஞ்சு எங்க மாதா திருநாள். அன்னைக்கு இங்கன ஒரு தோணியும் போவாது. நீங்க லீவு தரமாட்டேன்னுட்டீங்க, அதான் நானே கார்டு அடிச்சிச் செருகிட்டேன். இந்தச் சாருகிட்ட ஒண்ணு கேளுங்க. அவுங்க பம்பாயில அன்னைக்கு என்ன லீவு?" மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்துத் தேதியைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். "அப்ப தூத்துக்குடித் திருநாள் உங்க புரோகிராமுக்குள்ள எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டேன். அதை மேனேஜர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மாதம் ஒருமுறை மெஷினைப் பழுது பார்க்க வந்து, கார்டு அலமாரி இருக்கும் அறையில் நாள் முழுக்கத் தனியாக இருந்துவிட்டுப் போகும் அவர்களுடைய இன்ஜினியரின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. அதிகாரி ஃபைலை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தப் புரோகிராமை விற்பதையும் நிறுத்தவில்லை என்றுதான் எனக்கு இன்றுவரை சந்தேகம். வெகுகாலம், ஏதோ ஒரு தூர தேசத் துறைமுகத்தில் ஆகஸ்டு ஐந்தாம் தேதி காரணமே தெரியாமல் ஒரு கப்பல் சும்மா நிற்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். மெஷினில் கைவைத்தவனை வைத்துக்கொள்ள முடியாது என்று மேனேஜர் அன்று மாலையே என்னை அனுப்பிவிட்டார். அதில் எனக்குக் கோபமில்லை. டீச்சர்தான் என் முகத்தைப் பார்க்காமல், "எட்டு மாசம் எழுதினேன். இத்தன நாளா அதுல எனக்குத் தெரியாம ஒரு வரி இருந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றார். "கேட்டா வேண்டாம்னுருப்பீங்க டீச்சர்" என்றேன். "ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரேஸ்புரத்துக்கு ஆளனுப்பி என்னைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னார். கையில் ஒரு கடிதம் இருந்தது. "அந்தக் கம்பெனியே பம்பாய்க்கு வேலைக்குக் கூப்பிடுதாங்க. வாயை அடைக்கத்தான் கூப்பிடுதாங்கன்னு அப்பா சொல்லுதாங்க." "போங்க டீச்சர். அங்க பெரிய மெஷின் இருக்கும்" என்றேன். "இன்னும் பதில் போடல. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார். பிறகு நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தக் கார்ட மாதாவுக்காகத்தான் போட்டீங்களா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. வேலையில்லாதவன், சங்கு குளிக்கிறவர் மகன், கத்தோலிக்கன், இவரை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்று உள்ளே ஒன்று கேட்டது. அதெல்லாம் சாக்கு. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. "ஆமா டீச்சர், மாதாவுக்காகத்தான்" என்றேன். "மாதாவுக்காக மட்டும்தானா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "மட்டும்தான்" என்றேன். "சரி" என்றார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நாசரேத் பஸ்ஸில் ஏறினார். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

பம்பாய்க்குப் போனார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அம்மா பேருக்கு வாழ்த்து அட்டை வந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் கப்பலில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகளையும் கரையேற்றிவிட்டேன். தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவன் நான். குடித்ததை, கோபத்தில் கைநீட்டியதை, கோயில் போகாமல் இருந்ததை எல்லாம் முழந்தாளிட்டுச் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். மாதாவின் பேரைச் சொல்லி அன்று பஸ் ஸ்டாண்டில் நான் சொன்ன பொய்யை மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னால் அவர் மன்னித்துவிடுவார். அது மன்னிக்கப்படுவதில் எனக்கு இஷ்டமில்லை.