சட்டை போட்ட உப்பு மூட்டை

என் மகள் பிறந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மனைவிக்கு முப்பத்தேழு. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்து வந்த பிள்ளை. அந்த வயதில் தகப்பனாகிறவனுக்கு, பிள்ளை தும்மினால் காய்ச்சல் அடிக்கும். எனக்கும் அடித்தது. இருந்தாலும் சொல்கிறேன்: எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கைப்பிள்ளைக்குக் காருக்குள் தனி இருக்கை போட்டு, அதில் அவளைக் கட்டி, பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டு போனவன் நான். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்றுதான் ஓட்டினேன். பயந்து பயந்துதான் ஓட்டினேன். ஆனாலும் ஓட்டினேன்.

எனக்குப் புதுத் துறைமுகத்தில் வேலை. கப்பலின் மேல்தட்டில் ஏற்றுகிற இரும்புப் பெட்டி, மரத்தடி எல்லாவற்றையும் கடலில் ஆடாதபடி இழுத்துக் கட்டுகிற ஆட்களுக்கு நான் போர்மேன். லாஷிங் என்போம். மனைவி டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய பிரசவ லீவு முடிந்ததும் பிள்ளையைப் பகலில் மதினி வீட்டில், அதாவது அவளுடைய அக்கா வீட்டில், விடுவது என்று ஏற்பாடு. மதினி வீடு முத்தையாபுரத்தில். நான் துறைமுகத்துக்குப் போகிற வழி. பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். ஆகவே பிள்ளையைக் கொண்டுபோவது என் பொறுப்பு. காலைப் பஸ்ஸில் நான் ஏறினால் நானும் பிள்ளையும் பால்போத்தலும் மூன்று நிறுத்தத்தில் தனித்தனியாக இறங்குவோம். அதனால் கார். எனக்கு முன்னால் ஐந்து பேர் ஓட்டித் தேய்த்த பழைய கார் அது. முன்சீட்டு பெஞ்சுபோல ஒரே நீளம்.

அந்தப் பெஞ்சில் பனையோலைக் கடகம் ஒன்றை வைத்து, அதற்குள் பழைய சேலையை மடித்துப் போட்டு, அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. கப்பலில் ஒரு சின்னப் பீப்பாயைக் கட்டாமல் விட்டால் ஆட்களைப் பிடித்துக் கத்துகிறவன், சொந்தப் பிள்ளையைக் கடகத்தில் போட்டு, சீட்டில் சும்மா வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன். மூளை வேலைக்குப் போகும்போது மட்டும் என்னோடு வரும் போலிருக்கிறது.

பிள்ளைக்கு ஐந்து மாதம். பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விடுகிற வாரம். முத்தையாபுரம் திருப்பத்தில், முன்னால் போன உப்பு லாரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. கடகம் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் டேஷ்போர்டில் மோதி, கால் வைக்கிற பள்ளத்தில் விழுந்தது.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கும் மதினி வீட்டில் நடித்துக் காட்டுகிறார்கள். கடகத்தை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, கார்க் கதவைத் திறந்தபடி போட்டுவிட்டு, ஒரு செருப்போடு ஓடினேன். தெருக்கோடியில் டாக்டர் வீடு. கம்பவுண்டர் முன்னால் கடகத்தை வைத்து, "பாருங்க, பாருங்க" என்று அழுதேன். அவர் எட்டிப் பார்த்தார். உள்ளே பழைய சேலை இருந்தது.

"இதுக்கு என்ன சார் செய்யுது?" என்றார்.

பின்னாலேயே உப்பளத்துக்குப் போகிற அம்மா ஒருத்தி வந்தாள். இடுப்பில் என் மகள். கடகத்திலிருந்து உருண்டு காருக்குள் பள்ளத்திலேயே கிடந்தவளை அந்த அம்மாதான் எடுத்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, கடகத்துக்கு வைத்தியம் பாத்து முடிச்சாச்சுன்னா பிள்ளைக்கும் ஒரு தடவை பாத்துருங்க."

நெற்றியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். வேறொன்றும் இல்லை. டாக்டர் பிள்ளைக்கு மருந்து தரவில்லை. எனக்குத்தான் ஒரு மாத்திரை கொடுத்தார்.

செய்தி மனைவியின் ஊரான நாசரேத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் வந்து இறங்கினார். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பேத்தியின் நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, பேச்சை ஆரம்பித்தார்.

"மாப்ள, கர்த்தர் பதிமூணு வருசம் காக்க வச்சுக் குடுத்த பிள்ள. அதக் கருவாட்டப் போல கடகத்துல போட்டுக் கொண்டு போறியளே! எம்மா, நீ வேலைய விட்டுரு. நான் சொல்லுதேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ராஜிநாமாக் கடிதம். அவர் கையெழுத்தில், நீல மையில், முத்துக் கோத்தது போன்ற இங்கிலீஷில் முழுக் கடிதமும் தயார். தேதிக்கு ஓரிடம், என் மனைவியின் கையெழுத்துக்கு ஓரிடம். இரண்டு மட்டும் காலி. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் கையெழுத்திட்டு வைக்க வேண்டும், அவரே வந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார்.

மனைவி இரண்டு தடவை படித்தாள். "இங்கிலீஷ் நல்லாருக்குப்பா" என்றாள். கடிதத்தைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். அப்பாவை வழியனுப்பிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"கப்பல் மேல இரும்புப் பெட்டியெல்லாம் கட்டிக் கொழும்புக்கு அனுப்புதிய. ஒண்ணாவது கடல்ல விழுந்திருக்கா?"

"இல்ல."

"ஆறு கிலோ பிள்ளைய முத்தையாபுரத்துக்குக் கொண்டுபோகத் தெரியல. தெரியாதது நீங்க. வேலைய விடுறது நானா? பதிமூணு வருசமா அந்தப் பள்ளிக்கூடந்தான் எனக்குப் பிள்ள. லீவு முடியறதுக்குள்ள கட்டக் கத்துக்கிடுங்க."

இப்படியாக, நாற்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு கோடை வகுப்பு.

முதலில் வெள்ளைக்காரனை நம்பினேன். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் ஆபீசர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், அவர் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் படம் காட்டினார். காரின் முன்சீட்டு முதுகில் இரண்டு இரும்புக் கொக்கி. அதில் தொங்குகிற சின்ன நாற்காலி. நாற்காலிக்கு முன்னால் பிள்ளை திருப்பி விளையாட ஒரு பொம்மை ஸ்டியரிங். பத்திரிகைப் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வெல்டிங் பட்டறையில் அதே போல் செய்யச் சொன்னேன், பொம்மை ஸ்டியரிங்கோடு.

ஆனால் இந்தத் தடவை பிள்ளையை வைத்துப் பார்க்க நான் தயாராக இல்லை. தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் பிள்ளையைத் தூக்கிப் போய்த் தராசில் வைத்தேன்.

"ஆறே முக்கா கிலோ" என்றார் அண்ணாச்சி. "தாள்ல சுத்தித் தரவா?"

"அதே எடைக்குக் கல்லுப்பு தாங்க."

உப்பை ஒரு சின்னச் சாக்கில் கட்டினேன். சாக்கு வெறும் சாக்காக இருந்தால் என் கால் பிரேக்கைச் சும்மா மிதிக்கும், உண்மையாக மிதிக்காது. அதனால் பிள்ளையின் பழைய சட்டையை அதற்கு மாட்டிவிட்டேன். குல்லாவும் வைத்தேன். உப்பளங்களுக்கு நடுவே வண்டி வராத மண்பாதை ஒன்று உண்டு. அங்கே போய், வேகமாக ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். கொக்கி கழன்றது. நாற்காலி பறந்தது. குல்லா ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். கண்ணாடி முழுக்கக் கல்லுப்பு. பொம்மை ஸ்டியரிங் மட்டும் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தது.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு உப்புக்கா காயம்?"

அன்றைக்குப் பிள்ளையை எடுத்துவந்த அம்மாதான். வரப்பில் நின்றபடி கேட்டாள். அவளோடு நின்ற நாலு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் பொத்தாமலே சிரித்திருக்கலாம்.

இரண்டாவதாக மீன்பிடி வள்ளம் கட்டுகிற ஆசாரியிடம் போனேன். கடல் அலைக்கே அசையாததைச் செய்கிறவருக்குக் கார் எம்மாத்திரம்? அவரும் அப்படித்தான் சொன்னார். பிள்ளையின் இடுப்பளவு, தொடையளவு எல்லாம் எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆக்கினார். வந்தது இருக்கை அல்ல, துடுப்பில்லாத வள்ளம். இரண்டு பேர் தூக்கினோம். காரின் ஒரு பக்கம் தாழ்ந்தது. பிள்ளையை உட்காரவைத்தால் நன்றாகத்தான் உட்கார்ந்தாள். எடுக்கத்தான் வரவில்லை. மூன்று வாரத்தில் தொடை வளர்ந்துவிட்டது. ஆசாரி கையில் அளவுக்கோலோடு, "மரம் சொன்ன சொல்லு கேக்கும், பிள்ள கேக்கலன்னா நான் என்ன செய்ய?" என்றார். தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுத்தோம். அவள் கத்திய கத்தல் பக்கத்துக் கோயில் மணியை அமுக்கியது.

மறுபடி அண்ணாச்சி கடை. ஏழரைக் கிலோ. "வளரட்டும், வளரட்டும், நம்ம வியாபாரமும் வளருது" என்று உப்பைக் கூட்டிப் போட்டார்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. கடிகாரத்துக்குப் பின்னால் கடிதத்தின் நுனி தெரிந்துகொண்டே இருந்தது. மணி பார்க்கப் போனால் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம், துறைமுகத்தில், கப்பலின் இரும்புத் தடுப்போடு ஒட்டி ஒரு பெரிய பெட்டியை வைக்கச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்தேன். "ஏலே, முன்னால ஓடுத சரக்குக்கு முன்னால சுவரு வேணும்லா! சாய்ச்சு வச்சுக் கட்டுங்கடா!" சொல்லி முடித்ததும் வாயைத் திறந்தபடி நின்றேன். ஆட்கள் எனக்கு வெயில் அடித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

பிரேக் போட்டால் பிள்ளையும் முன்னால் ஓடுகிற சரக்குதான். அவள் முதுகுதான் சுவரில் சாய வேண்டும். அப்படியானால் இருக்கையைத் திருப்பி, டேஷ்போர்டோடு சேர்த்து, பின்பக்கம் பார்த்தாற்போல் வைக்க வேண்டும். இதை அன்றுவரை எவனாவது செய்தானா, செய்தால் சரியா, எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. லேசான பிரம்பு நாற்காலி ஒன்றின் நாலு காலையும் குட்டையாக வெட்டினேன். சாய்மானத்துக்குப் பஞ்சு வைத்தேன். காரின் தரையில் ஓட்டை போட்டு நான்கு இரும்பு வளையம் மாட்டி, நாற்காலியை நாலு மூலையும் இழுத்து, கொழும்புக்குப் போகிற பெட்டியைக் கட்டுவது போலக் கட்டினேன். தோணிப் பாய்த்துணியைத் துவைத்து மிருதுவாக்கி, பிள்ளையின் தோளுக்கும் இடுப்புக்கும் பட்டை தைத்துவிட்டாள் மனைவி. வளர வளரத் தளர்த்திவிட ஆறு வரிசை துளை. ஆசாரியிடம் படித்த பாடம்.

மண்பாதைக்கு மனைவியும் வந்தாள். இந்தத் தடவை மூட்டைக்குச் சட்டை போட்டவளும் அவள்தான். ஐந்து தடவை மிதித்தேன். ஐந்து தடவையும் உப்பு இருந்த இடத்தில் இருந்தது. குல்லாகூட விழவில்லை. ஆறாவது தடவை என் நெற்றிதான் ஸ்டியரிங்கில் இடித்தது. சுண்டைக்காய் வீக்கம். என்னைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மாமனார் வந்தார், கடிதத்தை வாங்க. வாசலில் நின்ற காரைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அக்கா ஏற்கெனவே அங்கே கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தியளா தாத்தா, கன்னுக்குட்டியக் கட்டுத மாதிரி! அதுவும் போற திசைக்கு முதுகக் காட்டி. நல்லதுக்கா இது?"

"தொட்டில உத்தரத்துல எத்தன சுத்து சுத்திக் கட்டுதிய, அக்கா?" என்றேன். "அது மட்டும் நல்லதுக்கா?"

"தொட்டில் வீட்டுக்குள்ள இருக்கு."

"அதான். வீடு பிரேக் போடாது."

மாமனார் சிரிக்கவில்லை. காருக்குள் தலையை விட்டார். நாற்காலியின் மேல்முனையில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நாற்காலி டக்கென்று ஒரு நூல் ஆடியது. நான் காலை வெட்டியதில் ஒன்று மட்டும் குட்டை. மூட்டை கனத்தில் தெரியாதது, ஹெட்மாஸ்டர் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆடுதே, மாப்ள" என்றார். பரீட்சைத்தாளில் கடைசி வரியில் தப்பைக் கண்டுபிடித்த குரல். "ஆடுததுல பிள்ளைய வைக்கப் போறியளா? எம்மா, அந்தக் கடிதத்த எடுத்துட்டு வா."

இன்னும் ஒரு வாரம், ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று மனது பேரம் பேசியது. எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்து முதலிலிருந்து கட்டலாமா என்று கைகூடப் போனது.

மனைவி உள்ளே போனாள். கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நாலாக மடித்தாள். நகத்தால் மடிப்பை நீவினாள். குனிந்து, நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் அதைச் சொருகினாள். என்னைப் பார்த்தாள். நான் கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கினேன்.

"இப்ப ஆட்டிப் பாருங்கப்பா" என்றாள்.

அவர் ஒரு விரலால் பார்த்தார். பிறகு உள்ளங்கையால். பிறகு குடையை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பார்த்தார். அசையவில்லை.

"நல்ல கெட்டித் தாளு" என்றார் கடைசியில். "நாசரேத்துல வாங்கினது."

மறுநாள் மனைவி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள், என் நெற்றி வீக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள், போய்விட்டாள். நாங்கள் முத்தையாபுரத்துக்குக் கிளம்பினோம். சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டினேன். திருப்பம் வந்ததும் எந்த லாரியும் இல்லாமலே பிரேக்கை மிதித்தேன். மகள் அசையாமல் உட்கார்ந்து, 'இப்போது எதற்கு?' என்று என் முகத்தைப் பார்த்தாள்.

வரப்பிலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, இன்னைக்குப் பிள்ளையா, உப்பா?"

"பிள்ளதான்!" என்று கத்தினேன். கத்திவிட்டு, ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.