மேகமலைத் தொட்டியின் நாலாவது கால்

மேகமலைக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டு எழுதுகிறார்கள். நான் 2008 மழைக்காலத்தில் போனது சுற்றிப் பார்க்க அல்ல, வேலைக்கு. இரும்பின் கனத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி என்னிடம் உண்டு. செல்போன் அளவுதான். வெளிப்பக்கம் வைத்தால் போதும். ஒலி உள்ளே போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டிவிடும்.

தேனியிலிருந்து சின்னமனூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஜீப்பில் மூன்று மணி நேரம். சாலை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டி, நான்கு குழாய்க் கால்களில் தண்ணீர்த் தொட்டி நின்றது. பச்சைப் பெயிண்ட் பளபளத்தது.

மூன்று கால்கள் ஆறு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் காட்டின. நாலாவதில் மேலே 5.8, தரையை நெருங்க நெருங்க 3.1, பிறகு 1.4. கருவி கெட்டுவிட்டதோ என்று, கூடவே கொண்டுபோகும், கனம் முன்பே தெரிந்த அளவுக்கட்டையில் வைத்துப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. குழாயைத் துரு உள்ளிருந்து அரித்திருக்கிறது.

"அது முனங்கும் சார்," என்றாள் தொட்டிக்கு அடுத்த வீட்டுச் செல்வி. "ரெண்டு வாரமா இப்பிடித்தேன். இங்கன காதை வச்சுப் பாருங்க."

வைத்தேன். யாரோ வலியில் புரண்டு படுப்பது போலிருந்தது. காற்று துளிகூட இல்லை.

வீடுகளைக் காலி செய்யச் சொன்னேன். தோட்டத்து மேஸ்திரி தண்ணீரை வடிக்க வால்வைத் திறந்துவிட்டார், ஆனால் நம்பவில்லை. "பெயிண்ட் அடிச்சு ஆறு மாசந்தேன் சார் ஆச்சு. ஆபீஸ்லருந்து வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாக."

செல்வியின் கணவர் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். போர்வையோடு அவரைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கினோம்.

அப்போது மூடுபனி ஏறி வந்தது. வீடுகள் மறைந்தன, தொட்டி மறைந்தது. முனகல் மட்டும் இப்போது எல்லோருக்கும் கேட்டது. சட்டென்று நின்றது. பிறகு தரை அதிர்ந்தது. எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு தண்ணீர் ஓடியது.

பனி விலகியபோது செல்வியின் வீட்டின்மேல் தொட்டி கிடந்தது. அவள் அழவில்லை. கணவரின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகிறவர்கள் காலையிலேயே மலை ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனி வழியை மூடிவிடும். என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் புதுப் பெயிண்டை நம்பாதீர்கள். தரையை ஒட்டிய இடத்தை முதலில் அளந்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம் அடுத்த லைனின் தொட்டிக்கு மேஸ்திரியே என்னைக் கூட்டிப்போனார். குழந்தைகளை இடுப்பில் வைத்தபடி அத்தனை குடும்பமும் பின்னால் நின்றது. ஒவ்வொரு காலின் கனத்தையும் உரக்கச் சொன்னேன். நான்கும் நன்றாகவே இருந்தன. ஒருவரும் வீட்டுக்குள் போகவில்லை.