உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு

நின்றுபோன லிஃப்டை ஓடவைப்பது என் தொழில். நின்றுபோன ஆளை ஓடவைப்பதும் எனக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் திமிரில் செய்த காரியம் இது.

சனிக்கிழமை மதியங்களில் கண்ணாடிக்கடை மாடியில் நான்கு பேர் கூடுவோம். மூக்குக்கண்ணாடி விற்கும் கடைக்காரர், பஸ் ஓட்டும் என் மச்சான், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஒருவர், நான். நான் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவேன்: இங்கே ஒரு காடு, அங்கே ஒரு கொள்ளைக் கூட்டம். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, தங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

முதல் நாளே ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அதில் முதல் கேள்வி: ‘உங்கள் ஆளுக்கு என்ன வேண்டும்?’ ஆசை இல்லாத பாத்திரம் மேஜையில் மரக்கட்டையாகக் கிடக்கும் என்பது என் சித்தாந்தம். மச்சான் ‘புதையல்’ என்று எழுதினான். கடைக்காரர் ‘அப்பாவைக் கொன்றவன் தலை’ என்று எழுதினார். அவருடைய சொந்த அப்பா கீழே கல்லாவில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார். அக்கா தன் வாள்காரிக்கு எழுதியது: ‘உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு.’ படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம், கதையில் ஒரு பாழடைந்த மாவு மில்லிலிருந்து கொள்ளையர்களை விரட்டினார்கள். மற்ற இருவரும் சாக்குமூட்டைகளைக் குடைந்துகொண்டிருக்க, அக்கா என்னிடம் கேட்டார்.

“இந்த மில்லு இனிமே யாருக்கு தம்பி?”

“யாருக்கும் இல்லக்கா. வேணும்னா எடுத்துக்கோங்க.”

அடுத்த வாரம் கட்டம் போட்ட தாளில் மில்லின் வரைபடத்தோடு வந்தார். ஜன்னல்கள் எந்தப் பக்கம், படிக்கட்டு எங்கே, எல்லாம் அளவோடு இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து நாங்கள் பூதத்தைத் தேடிக் கிளம்பினால் வாள்காரி கூரையில் ஏறிவிடுவாள். “நீங்க போய்ட்டு வாங்க, நான் இந்த ஓட்டை மட்டும் அடைச்சிட்டு வரேன்” என்பார் அக்கா.

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. “நாம பூதத்தை வெட்ட வந்தோமா, ஓடு மாத்த வந்தோமா? மாப்ள, அக்காவை எப்படியாவது கிளப்பு” என்றான்.

கிளப்பினேன். ஒரு வாரம் லிஃப்ட் குழிக்குள் நின்றபடி யோசித்து, அடுத்த சனிக்கிழமை மில்லை எரித்தேன். வாள்காரி விறகுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொள்ளையர்கள் வந்தார்கள் என்று, புகை, நெருப்பு, சரியும் கூரை எல்லாவற்றையும் ரசித்து ரசித்துச் சொன்னேன்.

“கதவு?” என்றார் அக்கா.

“அதுவும் போச்சுக்கா.”

 அக்கா பகடையைக் கையில் எடுத்தார். “யாரு எரிச்சது?”

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அப்போது உடம்பெல்லாம் புல்லரித்தது. வாள்காரி அன்று ஒருத்தனையும் விடவில்லை. கடைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். மச்சான் என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

அன்று மழை. அக்காவை எப்போதும் ஸ்கூட்டரில் தெருமுனை வரைதான் கொண்டுவிடுவேன். சந்துக்குள் வண்டி வராது என்று அங்கேயே இறங்கிக்கொள்வார். அன்று நான் கேட்கவில்லை, உள்ளே ஓட்டினேன். வண்டி தாராளமாகப் போனது.

அது அவருடைய கூடப்பிறந்த தம்பி வீடு. இரண்டு அறை, ஆறு பேர். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில் இருந்தது. “அண்ணி, அதைக் கொஞ்சம் மடிச்சிடுங்க, ஆள் வந்திருக்காங்கல்ல” என்றாள் தம்பி மனைவி. அவள் கோபமாகச் சொல்லவில்லை, பழக்கமாகச் சொன்னாள். அக்கா கண்மூடித் திறப்பதற்குள் மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டார். நான் தலை துவட்டத் துண்டெடுக்கத் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்பக்கத்தில் மில்லின் வரைபடம் ஒட்டியிருந்தது.

நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். “காபி குடிக்கிறீங்களா தம்பி?” என்றார். வேண்டாம் என்று ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த நான்கு சனிக்கிழமையும் அக்காதான் முதலில் வாளை உருவினார். ஆட்டம் களைகட்டியது. “எப்படி மாப்ள இந்த வித்தை?” என்று மச்சான் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன். தாளை எடுத்து அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். நான்தான் அது சின்ன ஆசை, கதையை இழுக்காது என்று தள்ளினேன். விளையாட்டில் நடந்ததற்குப் போய் மன்னிப்புக் கேட்பதா என்று வாயும் வரவில்லை. கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

கடைசியில் கதைக்குள்ளேயே திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்தேன். ஒரு ராஜாவை வரவழைத்தேன். வாள்காரியின் வீரத்தை மெச்சி அவர் ஒரு வீடு கொடுத்தார். “ஏழு அறை, முழுக்கக் கல்லு. நெருப்பு தொட முடியாது. எல்லா அறைக்கும் உள்ளே தாழ்ப்பாள் இருக்குக்கா” என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அக்கா பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். “வேண்டாம் தம்பி.”

“சும்மாதானே குடுக்கிறாங்க, வாங்கிக்கோங்கக்கா” என்றான் மச்சான்.

“இருக்கட்டும். வீடுன்னு ஒண்ணு இருந்தா, மறுபடியும் கதைக்குத் தேவைப்படும்” என்றார் அக்கா. முகத்தில் கோபமே இல்லை. “ராஜாகிட்ட ஒரு குதிரை கேளுங்க. அலையறதுக்கு அதுதான் வசதி.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் அவருடைய தாளை எடுத்து, குதிரை என்று எழுதிக்கொண்டேன்.